நிறைகுடம் வைத்த தெரு

ரயில் வருவது எங்களுக்கு முன்பே குடங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் ரயில்கேட்டை அடைத்துவிட்டால், தண்ணீருக்குப் போகும் எங்கள் தெருப் பெண்கள் வெறுங்குடங்களைத் தண்டவாளத்தை ஒட்டிய பலகை மேல் வரிசையாக இறக்கி வைப்பார்கள். கடலுக்குக் குறுக்கே கல்லைக் கொட்டிப் போட்ட பாதையைத் தாண்டிச் சிங்கப்பூர் வண்டி இந்தக் கரையில் ஏறும்போதே ஒரு பித்தளைக் குடம் முனகத் தொடங்கும். பக்கத்துக் குடம் அதை வாங்கிக்கொள்ளும். வண்டி நெருங்க நெருங்க வரிசை முழுவதும் ஒரே ரீங்காரம். நிரம்பித் திரும்பும்போதும் அதே பலகைதான், அதே அதிர்வுதான். ஆனால் குடங்கள் வாய் திறப்பதில்லை. ஜொகூருக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. இந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிடுகிறேன்.

"அங்கே தினமும் மழையாமே, கொடுத்து வைத்தவர்கள்" என்று ஊரிலிருந்து எழுதுகிறீர்கள். நான் ராமநாதபுரத்துக் கரிசலில் மேகத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வளர்த்தவன். இங்கே வந்த முதல் மாதம், மத்தியானம் தவறாமல் பெய்யும் மழையில் பைத்தியக்காரன் போல் சட்டையோடு நின்றிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, மழை வேறு, குடிக்கிற தண்ணீர் வேறு. எங்கள் தெருக் கிணற்றில் கடல் கலந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. நல்ல தண்ணீர் தண்டவாளத்துக்கு அப்பால், காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கும் ஒற்றைக் குழாயில். ஆனால் புலாய் மலையிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய இரும்புக் குழாய் எங்கள் கண்ணெதிரேதான் கடலைக் கடக்கிறது. அதில் காதை வைத்தால் உள்ளே யாரோ அவசரமாக நடந்து போவது போலிருக்கும்.

அந்தக் குழாயில் காதை வைக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் பாக்கியம். அவள் புருஷன் முத்தையா ரயில் பாதை பழுதுபார்க்கும் கும்பலில் வேலை; திங்கட்கிழமை போனால் சனிக்கிழமைதான் வீடு. அவள் தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை, சாஆ பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள்கணக்குக்குக் கொம்பு ஊத, பேர் கூப்பிடும்போது வரிசையில் நிற்கிற பிழைப்பு வேண்டாம் என்று புருஷனை இழுத்துக்கொண்டு இந்தப் பட்டணத்துக்கு வந்தாள். "இங்க யாரும் என்னை வரிசையில நிறுத்தி எண்ண மாட்டாங்க அண்ணே" என்பாள். நான் ஊரை நினைத்து ஏங்குகிறபோதெல்லாம், ஏங்க வேறு ஊரே இல்லாத அவள் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பாள்.

போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கரு தங்காமல் போயிற்று. பாரம் தூக்காதே என்று ஆஸ்பத்திரியில் ஒற்றை வரியில் சொல்லி அனுப்பினார்கள். இந்த வருஷம் மறுபடி மூன்று மாதம் ஆனபோதுதான், நகர அலுவலகத்துக்கு ஒரு மனுக் கொடுப்பது என்று தெரு கூடியது.

சரக்குக் கொட்டகையில் பெட்டிகள்மேல் அவை போகவேண்டிய ஊரின் பெயரை மையால் எழுதுவது என் வேலை. எழுதத் தெரிந்த குற்றத்துக்காகத் தெருவில் எனக்குக் கிராணி, அதாவது குமாஸ்தா, என்று பெயர். மனு எழுத நான் உட்கார்ந்ததும், பட்டணத்தில் இல்லாததெல்லாம் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வந்தது.

"முதல்ல முக்குல ஒரு வெளக்கு கேளுங்க கிராணி," என்றான் சவரக்கடைச் சின்னசாமி. "போன வாரம் சாக்கடையில விழுந்தேன். நம்ம தெருச் சாக்கடைங்கிறதால மரியாதையா எந்திரிச்சு வந்துட்டேன்."

ஒருவர் சாக்கடைக்கு மூடுபலகை கேட்டார். ஒருவர் ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்புக்காரர்கள் நிற்க ஒரு கூரை கேட்டார். ஒருவர் மணிக்கூண்டு கேட்டார்; எதற்கு என்றதற்கு, மற்ற ஊர்களில் இருக்கிறதே என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போனேன். எனக்கும் ஒரு ஆசை இருந்தது: தமிழ்ப் பத்திரிகை படிக்க ஒரு சின்ன மண்டபம். அதையும் ஓர் ஓரத்தில் நுழைக்கப் பார்த்தபோது பின்வரிசையிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது.

"வெளக்கு இல்லாட்டி தடவிக்கிட்டாச்சும் வீடு வந்துரலாம். தண்ணி இல்லாட்டி எதைத் தடவுறதுண்ணே?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் யாரும் எதுவும் கேட்கவில்லை. காகிதத்தைக் கிழித்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதினேன்: தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய். தபால் ஆபீசில் வேலை செய்யும் மலாய் நண்பர் அதைத் தம் மொழியில் அழகாக எழுதித் தந்தார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. வியாழக்கிழமை காலை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

இனிமேல் நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. எங்கள் கரிசலில் எவ்வளவு பஞ்சமானாலும், வீட்டுக்குப் பெரியவர் வந்தால் வாசலில் நிறைகுடம் வைப்பார்கள். எங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்கு வைத்திருக்கிறோம் என்று அதற்குப் பொருள். ஒரு கோடையில் என் தாய் இரண்டு மைல் நடந்து, ஊற்றைத் தோண்டிக் கொண்டுவந்த ஒரே குடத்தை, பஞ்சம் பார்க்க வந்த தாசில்தாருக்காக வாசலில் வைத்துவிட்டு எங்களை நாக்கு வறள உட்காரவைத்தது நினைவிருக்கிறது. அந்த நினைவு தந்த தைரியத்தில் சொன்னேன்: "வீட்டுக்கு ஒரு நிறைகுடம் வைப்போம்."

வீட்டுக்கு ஒன்று என்று சொன்னேன். தெரு அதோடு நிற்கவில்லை. புதன்கிழமை முழுவதும் யாரும் குளிக்கவில்லை, துவைக்கவில்லை. வியாழன் காலை வாசல்தோறும் கோலம், மாவிலை, புளி போட்டுத் துலக்கிய குடங்கள் இரண்டிரண்டாய். தெரு முகப்பில் பாக்கியத்தை நிறுத்தினார்கள். பிள்ளைத்தாய்ச்சி எதிரே நிற்பதைவிட நல்ல சகுனம் என்ன இருக்கிறது? மற்றப் பெண்கள் சுமந்து நிரப்பிய குடத்தின் பக்கத்தில், மஞ்சள் பூசிய முகத்தோடு அவள் நின்றாள். வெயில் பட்டுத் தெருவே தகதகத்தது.

வந்தவர் நடுவயது மலாய்க்காரர், கறுப்புத் தொப்பி, மிகவும் மரியாதையானவர். நாங்கள் போட்ட மாலையை நடை முடியும் வரை அவர் கழற்றவில்லை. வீடு வீடாய்ப் பார்த்தார். பாக்கியத்தின் குடத்தருகே நின்று, முகம் மலர, "பாஞாக் ஆயிர்" என்றார். நிறையத் தண்ணீர். அந்த அளவு மலாய் எனக்குத் தெரியும். நம் உபசாரத்தைக் கண்டுகொண்டாரே என்று உள்ளம் குளிர்ந்து, "பாஞாக், துவான்", நிறைய ஐயா, என்றேன். குடங்களைக் காட்டி, "ஹாரி-ஹாரி?" என்று கேட்டார். தினமுமா? தினமும் இந்தப் பெண்கள் போய்ச் சுமந்து வருகிறார்களா என்று இரக்கத்தோடு கேட்கிறார் என்று நினைத்தேன். "ஹாரி-ஹாரி, துவான்" என்று அழுத்தமாகச் சொன்னேன். அவர் நிம்மதியாகத் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

பதிலைச் சவரக்கடையில் வைத்துப் படித்தோம். தெரு சுத்தமாக இருக்கிறது, குடியிருப்போர் பண்புள்ளவர்கள், ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் தாராளமாக இருப்பதை அதிகாரி நேரில் கண்டார், ஆகவே மற்றத் தெருக்களின் தேவை முடிந்த பிறகு யோசிக்கப்படும். பண்புள்ளவர்கள் என்ற இடத்தில் எல்லார் முகமும் மலர்ந்ததை நான் பார்த்தேன், என் முகமும்தான்.

"நல்ல பேரு வாங்கிட்டோம்," என்றான் சின்னசாமி, கத்தியைத் தீட்டிக்கொண்டே. "இனி அதைக் காய்ச்சிக் குடிப்போம்."

இரண்டாம் மனு எழுதினேன். அதிகாரி மறுபடி வந்தால் இருப்பதை இருப்பதாகவே காட்டுவோம், குடங்களைக் கவிழ்த்து வைப்போம் என்று சொன்னேன். ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் ஒருவரும் இசையவில்லை. "புள்ளத்தாச்சி இருக்கிற தெருவுல குடத்தைக் கவுக்கிறதா? வேற பேச்சுப் பேசுங்க கிராணி." அவளுக்காகக் கேட்ட குழாய், அவளுக்காகவே கேட்க முடியாமல் போயிற்று. முறை வைத்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் ஒரு சனிக்கிழமை முறைக்காரிக்குக் காய்ச்சல் வர, பாக்கியம் தானே குடத்தோடு தண்டவாளத்தைத் தாண்டிப் போயிருந்தாள். அன்று மாலை சுருண்டு படுத்தவளைப் பார்த்து, அவளைத் தோட்டத்துக்கே அனுப்புவதென்று முத்தையா முடிவு செய்துவிட்டான். சாஆவில் அவள் அண்ணன் வீடு. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டு வாசலிலேயே கிணறு. பிள்ளை பிறக்கும் வரை என்று பேச்சு. பிறந்த பிறகு பெரட்டுக் கணக்கில் அவள் பேரையும் சேர்த்துவிடுவார்கள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

கூரையில்லாத மேடையில் காலை வண்டிக்கு நின்றோம். அண்ணன் எதிரில் வந்து அழைத்துப்போக லாபீஸ் ஸ்டேஷனில் காத்திருப்பான். ஒரு பக்கம் வடக்கே தோட்டங்களுக்குப் போகும் தண்டவாளம். மறுபக்கம், தெற்கே கடலைப் பார்த்து ஓடும் அந்த இரும்புக் குழாய். இந்த மண்ணில் பெய்த மழை வேறொரு கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னைப் போல, எந்தக் கரைத் தண்ணீர் என்று தனக்கே தெரியாமல். அவள் மூட்டையில் குடம் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது வீட்டுலயே இருக்கட்டும். குடமும் வந்துட்டா நான் போயிட்டதா ஆயிரும்."

முத்தையா மூட்டையை ஏற்றினான். வண்டி அசைந்தபோது அவள் ஜன்னலில் குனிந்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இனி தெருவுல புள்ளத்தாச்சி இல்லைன்னு பொம்பளைங்ககிட்டச் சொல்லுங்க. அந்த ஐயா மறுபடி வந்தா எல்லாக் குடத்தையும் கவுத்து வைங்க. என்னோடதை முதல்ல."