தொடுவாயில் பறித்த சைக்கிள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு மார்கழி மாதம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அச்சுவேலியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். மனைவியின் தம்பிக்கும் எனக்கும் ஒரே பைத்தியம், சைக்கிள் ஓட்டம். லீவு கிடைத்தால் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்த முறை எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிப்போம். வல்லை வெளி, தொண்டைமானாறு, தீவுப்பகுதி எல்லாம் போய் வந்தாயிற்று. மிச்சம் இருந்தது சுண்டிக்குளம்.

அங்கே இருக்கும் பெரிய கடல்நீரேரி ஒரு பறவைகள் சரணாலயம். மழைக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் என்று மச்சான் எங்கேயோ வாசித்திருந்தான். அவனிடம் ஒரு கமராவும் இருந்தது. நெல்லியடியால் போய்க் கிழக்குக் கரையோரமாக இறங்குவது, ஏரியைச் சுற்றி வந்து பரந்தன் றோட்டில் ஏறுவது, ஆனையிறவு வழியாக வீடு திரும்புவது, இரண்டு நாள் பயணம். வரைபடத்தில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு கீறப்பட்டிருந்தது. அதால் நடந்து மறுகரைக்குப் போகலாம் என்பது எங்கள் கணக்கு.

ஒரு கிழமை அடைமழை பெய்து ஓய்ந்திருந்தது. முதல்நாள் கரையோரக் கிராமமொன்றில் தங்கி, மறுநாள் காலை அந்தத் திட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசி இரண்டு மைலும் சைக்கிளை மணலில் உருட்டித்தான் போனோம். ஆனால் கண்ட காட்சிக்கு அந்தக் களைப்பெல்லாம் போய்விட்டது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் தளும்பத் தளும்ப ஏரி. ஏரியின் நடுவில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள். நடுவே நாங்கள் நின்ற மணல், அறுபது எழுபது அடி அகலம் இருக்கும். மணலுக்குக் குறுக்கே ஏரியிலிருந்து கடலுக்கு ஒரு சின்ன நீரோட்டம். உள்ளங்கை அகலம். அதன் அருகிலேயே சைக்கிள்களைச் சாய்த்துவிட்டுப் பாண் பொதியை அவிழ்த்தோம்.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். நாற்பது வயதிருக்கும். மடித்துக் கட்டிய சாரம், தோளில் அரை மூட்டை அரிசி. கடற்றொழிலாளி என்று பார்த்ததும் தெரிந்தது. எங்களைக் கண்டு நின்றார்.

"தம்பியவை, உதிலை இருக்காதேங்கோ. தொடுவாய் உடைக்கப்போகுது" என்றார்.

ஏரி கடலைத் தொடுகிற வாயைத்தான் அந்தப் பக்கத்தில் தொடுவாய் என்பார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. ஏதோ தன்னுடைய தொழில் செய்யும் இடத்திலிருந்து எங்களைக் கிளப்பப் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

"ஓம் அண்ணை, சாப்பிட்டுட்டு எழும்புறம்" என்றேன்.

"சாப்பாட்டைப் பேந்து பாக்கலாம். அங்காலை போறதெண்டால் இப்ப என்னோடை வாங்கோ. இல்லாட்டித் திரும்பிப் போங்கோ."

மச்சான் அந்த நீரோட்டத்தைக் காட்டிச் சிரித்தான். "உதுக்கோ அண்ணை பயப்பிடுறியள்?"

அவர் மூட்டையைத் தோளில் சரிசெய்தார். நீரோட்டத்தைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டார். அவர் போன பிறகு நாங்கள் பாணைச் சாப்பிட்டோம். பிறகு சைக்கிள்களை அங்கேயே விட்டுவிட்டு, ஏரிப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, பறவைகள் கிட்ட வரட்டும் என்று கமராவோடு காத்திருந்தோம். மறுபக்கத்தில் தூரத்தில் அவர் நின்று ஏதோ கத்தினார். கடற்காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் முதுகுப் பக்கம் ஏதோ சத்தம். திரும்பிப் பார்த்தால் அதே மனிதர். தோளில் மூட்டை இல்லை. இடுப்புவரை நனைந்திருந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை. என் சைக்கிளைத் தூக்கி நிமிர்த்தினார். கடலோரத்து ஈர மணலில் தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி மிதிக்கத் தொடங்கிவிட்டார், நாங்கள் வந்த திசையில்.

அந்தக் காலத்தில் சைக்கிள் என்றால் சும்மா இல்லை. இறக்குமதியெல்லாம் நின்றுபோய், டயர் ஒன்று வாங்கவே மாதக்கணக்கில் அலைய வேண்டிய காலம். சைக்கிளில் எங்களுடைய பை வேறு. எனக்கு இரத்தம் தலைக்கேறிவிட்டது. "கள்ளன், கள்ளன்" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மச்சான் கமராவை நெஞ்சோடு அணைத்தபடி எனக்குப் பின்னால் ஓடி வந்தான். மணலில் கால் புதையப் புதைய, இருநூறு முந்நூறு யார் தூரம் ஓடியிருப்போம். மேடான ஓரிடத்தில் அவர் தானாகவே இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போன வேகத்திலேயே அவருடைய கன்னத்தில் அடித்தேன்.

அவர் கையை ஓங்கவில்லை. கோபப்படக்கூட இல்லை. மூச்சு வாங்க, நாடியை உயர்த்தி எனக்குப் பின்னால் காட்டினார்.

திரும்பினேன்.

நாங்கள் இருந்து பாண் சாப்பிட்ட இடம் இல்லை. அது இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கடலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மணல், ஆள் உயரத்துக்குத் துண்டு துண்டாகச் சரிந்து விழுந்தது. ஒவ்வொரு துண்டு விழும்போதும் நிலம் காலுக்குக் கீழே அதிர்ந்தது. ஒரு கிழமை மழைத் தண்ணீர் முழுக்க ஒரே வாயால் வெளியேறிக்கொண்டிருந்தது. மச்சானின் சைக்கிள் ஒருதரம் மேலே வந்தது. கைபிடியை மட்டும் கண்டேன். அதற்குப் பிறகு அலைகளைத் தவிர ஒன்றும் இல்லை. மச்சான் அப்படியே மணலில் குந்திவிட்டான். அடித்த கை எரிந்தது.

"சொன்னனான். கேக்கேல்லை" என்றார் அவர். "திரும்பி வந்து சொன்னாலும் நிண்டு நியாயம் கதைப்பியள். அதுக்கு நேரமில்லை. சைக்கிளை எடுத்தால் பின்னாலை வருவியள் எண்டு தெரியும்."

அப்போதுதான் மறுகரையில் ஒரு பெண்ணைக் கண்டேன். இடுப்பில் ஒரு பிள்ளை, காலடியில் அந்த அரிசி மூட்டை. இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தாள். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார். அவளும் ஒரு கையைத் தூக்கினாள்.

"ஆரண்ணை அது?" என்று மச்சான் கேட்டான்.

"என்ரை மனுசி. எங்கடை மீன்வாடி அங்காலைதான். அதுதான் வீடும்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவர் பத்திரமாக மறுகரைக்குப் போய்விட்டவர். போனபிறகு திரும்பிப் பார்த்து, நீரோட்டம் அகலிப்பதையும் நாங்கள் எழும்பாததையும் கண்டிருக்கிறார். மூட்டையைப் போட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, திரும்பி வந்திருக்கிறார். இனி வேகம் அடங்கும்வரை அவரால் தன் வீட்டுக்குப் போக முடியாது. மூன்று நாளும் ஆகலாம், ஐந்து நாளும் ஆகலாம் என்றார். பெயர்கூடத் தெரியாத இரண்டு பேருக்காக இப்படிச் செய்தவரை, அவருடைய பெண்சாதி பார்த்துக்கொண்டிருக்க நான் அடித்திருக்கிறேன்.

அவருடைய கையைப் பிடித்தேன். அழுகைதான் வந்தது.

"விடுங்கோ தம்பி. என்ரை வள்ளத்தை ஒருத்தன் கொண்டு போனால் நானும் அடிச்சிருப்பன்" என்றார். கன்னத்தில் என் விரல் பதிந்து சிவந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே மச்சானை எழுப்பிவிட்டார்.

அன்று ஒரு சைக்கிளில் இரண்டு பேரும் மாறி மாறி ஏறியும் உருட்டியும் வீடு வந்தோம். பிறகு சித்திரையில், மணல் மறுபடி தொடுவாயை மூடிய காலத்தில், நான் தனியாக அந்த வாடியைத் தேடிப் போனேன். அவர் கடலுக்குப் போயிருந்தார். அந்தப் பெண் வெளியே வந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்களோ அண்டைக்கு அவருக்கு அடிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. அவர் வந்திடுவார்."

எத்தனையோ பேர் பிறகு என் வாழ்க்கையில் எனக்குச் சொந்தமானதைப் பறிப்பதுபோல வந்திருக்கிறார்கள். சிலர் உண்மையாகவே பறித்துமிருக்கிறார்கள், ஆனாலும் கையை ஓங்குமுன் ஒருதரம் எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல் என்னால் இன்றுவரை இருக்க முடிவதில்லை.