அண்ணன் நம்பருக்கு வந்த டீசல் பாயிண்ட்

இன்னைக்கு மத்தியானம் சங்ககிரி பெட்ரோல் பங்க்ல...

கை இன்னும் சில்லுன்னு இருக்கு. எழுதிட்டா சரியாகும்னு எழுதறேன்.

நான் ஒரு பாயிண்ட் பைத்தியம்னு உங்களுக்கே தெரியும்! (ஷாம்பு வாங்குனாக்கூட கேஷ்பேக் வந்துதான்னு பார்த்துட்டுத்தான் தலைக்குக் குளிப்பேன்.)

அதனாலதான் காலைல அண்ணி எனக்குப் போன் போட்டாங்க.

"ஏங்கண்ணு, உங்கண்ணனோட டீசல் பாயிண்டு இந்த மாசத்தோட காலாவதின்னு மெசேஜ் வந்திருக்குது. பாப்பா காலேஜ் பீஸுக்கு ஏதாச்சும் ஆகுமான்னு பாத்துக் குடேன்."

எங்கண்ணன் லாரி ஓட்டுனவரு. டீசல் போடறப்ப நம்பரச் சொன்னா, பங்க் ஆப்ல பாயிண்ட் சேரும். போன வருசம் நாசிக்ல வெங்காய லோடு ஏத்திட்டுத் திரும்பி வர்றப்போ ஹூப்ளிகிட்ட நெஞ்சுவலி. வண்டிய ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் உசுர விட்டிருக்காரு. ஊட்டுக்கு ஆம்புலன்ஸ்லதான் வந்தாரு.

அப்புறம் வண்டியையும் வித்தாச்சு. பாயிண்ட் எவ்ளோ இருந்துடப் போகுதுன்னுதான் அண்ணி ஊட்டுக்குப் போனேன்.

அவரோட போன்லயே ஆப்பைத் திறந்தா, குவிஞ்சு கெடக்கு!

வண்டியும் இல்ல, ஓட்ட ஆளும் இல்ல. டீசல் போட்டது யாரு?

அண்ணி மூஞ்சியப் பார்த்தேன். அவங்களுக்கு ஆச்சரியமே இல்ல.

"அது டிங்குனு அடிச்சுட்டேதான் இருக்கும் கண்ணு. அதனாலதான் சார்ஜ் எறங்க உடாம வெச்சிருக்கறேன்."

அண்ணியையும் கூட்டிட்டு சங்ககிரி பங்க்குக்குப் போனேன். அண்ணனோட கூட்டாளி செல்வராஜ் அண்ணனைப் பங்க்குக்கு வரச் சொன்னேன். அவரும் லாரிக்காரர்தான்.

அவரு சிரிச்சாரு. "அது நாங்கதானுங்க! ஸ்டாண்டுல ஒரு டிரைவர் தவறிட்டா, டீசல் போடறப்ப எங்க நம்பரச் சொல்ல மாட்டமுங்க. அவரு நம்பரத்தான் சொல்லுவோம். அவரு ஊட்டுக்கு ஆகட்டும்னு."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பயமும் போயிருச்சு. உடனே என் கணக்கு மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது!

(பிரெண்ட்ஸ், இதை நோட் பண்ணுங்க. இதே பாயிண்டுக்கு மிக்ஸி, குக்கர் வாங்குனா பாதி மதிப்புதான் வரும். டீசலாப் போட்டாத்தான் முழு மதிப்பு. வண்டி இல்லையா? தெரிஞ்சவங்க டேங்க்ல போட்டுட்டு, அவங்ககிட்ட காசா வாங்கிக்கணும். செல்வராஜ் அண்ணன் ரெடியா லாரியோட வந்துட்டாரு.)

ஆனா அண்ணி லாரிப் பக்கமே வரல. போனை மார்போட அணைச்சுகிட்டு நின்னாங்க.

"எல்லாத்தையும் எடுத்துட்டா கணக்க முடிச்சுருவாங்களா?"

"ஆமாங்க அண்ணி. இறந்தவங்க கணக்குதானே, முடிச்சுத்தான் ஆகணும்."

"அப்ப மெசேஜ் வராதா?"

நான் போனை வாங்கி, யார் யாரு எங்கெங்க போட்டாங்கன்னு சும்மா பழசுல இருந்து தள்ளிப் பார்த்தேன். பாலக்காடு, திருச்சூர், மறுபடியும் பாலக்காடு. நடுநடுவுல ஹூப்ளி. சித்ரதுர்கா. தும்கூர். ஓசூர். கிருஷ்ணகிரி. தொப்பூர்.

"செல்வராஜண்ணா, வடக்க யாரு போறா?"

அவரு போனை வாங்கிப் பார்த்தாரு. சிரிப்பு நின்னு போச்சு.

"எங்க வண்டி எல்லாம் இப்பக் கேரளா பக்கந்தானுங்க ஓடுது. வடக்க யாரும் போறதில்லைங்களே."

அப்புறம் மெதுவாச் சொன்னாரு. "இது அண்ணன் திரும்பி வர்ற ரூட்டுங்க."

நல்ல வெயிலு. எனக்கு மட்டும் குளிருச்சு.

ரெண்டு நாள்ல வந்து சேர்ற தூரம். அவரு விட்ட எடத்துல இருந்து, ஊர் ஊரா, ஒரு வருசமா வந்துகிட்டே இருக்கு!

அண்ணி போனைத் திரும்ப வாங்கிகிட்டுச் சொன்னாங்க. "எனக்குத் தெரியுமுங்க. இன்னும் ஊரு வரல. வழியில வெச்சு எப்படிக் கணக்க முடிக்கறது?"

பாப்பா பீஸ் கட்டக் கடைசித் தேதி நாளைக்கு. 

அப்பத்தான் அண்ணி கையில இருந்த போன் டிங்குன்னுச்சு.

பாயிண்ட் சேர்ந்திருக்கு. எடம், சங்ககிரி. நாங்க நின்னுட்டிருந்த அதே பங்க்!

திரும்பிப் பார்த்தா ரெண்டு பம்பும் காலி. செல்வராஜ் அண்ணன் லாரி இன்னும் ஓரமாத்தான் நிக்குது.

டீசல் போடற அக்காகிட்ட ஓடினேன். "அக்கா, இப்ப யாருக்குப் போட்டீங்க?"

"யாருக்கும் போடலீங்களே! சர்வர் தகராறா இருக்குமுங்க."

அண்ணி ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சாங்க. கண்ணுல தண்ணி ஓடிகிட்டே இருக்கு.

"இப்ப எடுத்துக்கலாம் கண்ணு."

ஓ.டி.பி. வந்துச்சு. நடுங்காத குரல்ல ஒவ்வொரு நம்பராப் படிச்சாங்க. செல்வராஜ் அண்ணன் டேங்க் ரொம்புச்சு. பீஸ் பணம் கைக்கு வந்துருச்சு, முழு மதிப்புல!

கெளம்பறப்ப அண்ணி மட்டும் ஒரு நிமிசம் நின்னாங்க. அந்தக் காலிப் பம்பைப் பார்த்து, தினமும் சொல்ற மாதிரி சொன்னாங்க.

"சோறு ஆறிப் போவுது. கைகால் கழுவிட்டு வாங்க."

சர்வர் கோளாறுன்னு கமெண்ட்ல யாராச்சும் வெளக்கமாச் சொல்லுங்க, ப்ளீஸ். நான் இப்ப அண்ணி ஊட்லதான் இருக்கேன். பாப்பா பீஸ் கட்டப் போயிருக்கா. ரெண்டு இலை போட்டிருக்காங்க. எனக்குப் பசிக்கலைன்னு முன்னாடியே சொல்லிட்டேன்.