ஒரு கைக்கு ஒரு பக்கிள்

பின் இருக்கையில் அமர்பவரும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்பது விதி. ஒரு கையால் அதை எப்படி மாட்டுவது என்று விதி சொல்லவில்லை.

என் மனைவிக்கு வலது கையில் மாவுக்கட்டு. சிவகாசியிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குக் காரில் பலமுறை போய்வந்தோம். பின் சீட்டு பக்கிள் தொளதொளவென்ற நாடாவில் இருந்தது. இடது கையால் பெல்ட்டை அதில் செருகப் போனால், அது சீட்டின் இடுக்குக்குள் நழுவிவிடும்.

நெடுநாள் பழகிய டிரைவர் ஊர் வழக்கப்படி ஒரு வழி செய்தார். "பெல்ட்ட மொதல்லயே மாட்டிட்டேன்மா. அதுமேல சாஞ்சு உக்காந்துக்கிடுங்க, பீப் சத்தம் வராது."

"ஏலே, காரு வாயத்தான அடைச்சிருக்க? வண்டி முட்டுனா என்னைய எவன்லே புடிப்பான்?" என்றாள்.

ஒவ்வொரு முறையும் நானே மாட்டிவிட்டேன். குழந்தையைப் போல உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

கார் கம்பெனிக்கு எழுதினேன்: பக்கிளை நிமிர்ந்து நிற்கும் தண்டில் வையுங்கள், வேண்டிய பக்கம் அது வளையட்டும், ஒரு கை போதும். படமும் இணைத்தேன். நினைவூட்டல்கள் முறைப்படி போயின.

யோசனை பரிசீலனைக்கு ஏற்கப்பட்டது என்ற பதில், கட்டைப் பிரித்து அவள் இரண்டு கைகளாலும் பெல்ட் மாட்டத் தொடங்கிய பிறகு, ஆடிப் பதினெட்டு அன்று வந்தது.