மோர் வைக்கும் பொந்து

கூடுவாஞ்சேரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் நடக் கிளம்பும் நாலு பேரில் நானும் ஒருவன். ஓய்வு பெற்றவனுக்கு ஊரைத் திருத்தும் ஆசை வந்துவிட்டால் யாராலும் தடுக்க முடியாது. போன தை மாதம் எங்கள் கண்ணில் பட்டது அச்சரப்பாக்கம் பக்கத்தில் ஒரு பாறைக்குன்று.

சரிவு முழுக்கப் பெரிய பெரிய பாறைகள் உருண்டு கிடக்கும். மேலே சூரையும் காரையுமாக முள் காய்ந்து நின்றது. நடுவில் உசிலை, வீரை மரங்கள். அடிவாரத்தில் மட்டும், பாறைகளுக்கு நடுவே பொந்துகள் இருந்த இடத்தில், பெரணியும் பாசியும் பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தன. இவ்வளவு காய்ந்த குன்றில் இது எப்படி வந்தது என்று ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும். ஈரம் இருக்கிறது, கன்று பிழைக்கும் என்று மட்டும் நினைத்தோம். ஒரு டிராக்டர் செம்மண் இறக்கி, பொந்துகளை அடைத்து, புங்கங்கன்றுகளை நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு ரயில் ஏறினோம்.

பங்குனியில் தண்ணீர் ஊற்றப் போனபோது, அங்கே ஆடு மேய்க்கும் அம்மா தூக்குவாளியோடு எங்களை மறித்தார். என் வயதுதான் இருக்கும்.

"இன்னா சார், பொந்தெல்லாம் மண்ண கொட்டி அடைச்சிட்டீங்க? என் மோரு மத்தியானத்துக்குள்ள புளிச்சிப் பூடுது!"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "மரத்துக்கும் மோருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இங்க கைய வச்சிப் பாரு."

நாங்கள் அடைக்காமல் விட்டிருந்த ஒரே ஒரு சின்னப் பொந்தை அவர் காட்டினார். தூக்கு நுழையாத அளவுக்குக் குறுகல். குனிந்து கையை நீட்டினேன். உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று வந்தது. அந்தப் பொந்தின் ஓரத்தில் மட்டும் பெரணி பச்சையாக இருந்தது. மற்ற இடங்களில் தொட்டால் நொறுங்கியது. குன்றுக்குள் தங்கும் குளிர்காற்று வெளியே வரும் வழியை நம்பித்தான் அந்தச் செடிகள் பிழைத்திருந்தன. அந்த வழியை நாங்கள் அடைத்திருந்தோம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த நாலு ஞாயிறும் மண்ணை வாரினோம். மண்வெட்டி நுழையாத இடத்தில் கொட்டாங்கச்சியால் சுரண்டினோம். கன்றுகளை ஏரிக்கரைக்கு மாற்றினோம். இடுப்பு விட்டுப்போனது. அந்த அம்மா பாறைமேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"அண்ணாத்த, மூலையில இன்னும் கீது!"

குளிர்காற்று திரும்பி வந்தது. பெரணி எழவில்லை. வேரே செத்துப்போயிருக்குமோ என்ற பயம் என்னைவிட்டுப் போகவேயில்லை.

ஆடியில் இரண்டு மழை பெய்த பிறகு தனியாகப் போனேன். பெரிய பொந்தின் ஓரத்தில் ஒன்பது குருத்துகள், நுனி சுருண்டபடி. நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். அந்த அம்மா பொந்துக்குள் கைவிட்டுத் தூக்கை எடுத்து, மூடியில் மோர் ஊற்றிக் கொடுத்தார். பல் கூசியது.

"புளிக்குதா?"

"இல்லம்மா. ஜில்லுனு இருக்கு."

அவர் குருத்துகளைப் பார்த்தார். "அப்ப பொயச்சிக்கும்" என்றார்.