வெறும் புல் என்றார்கள்

“…வெறும் புல்லுக்கு என்ன வரலாறு, தம்பி? அந்த மனுசி வெட்டச் சொன்னா வெட்டுறது, என்ர வேலை அவ்வளவுதான்,” என்றார் அண்ணை, ஒரு கையில் அளவுநாடாவும் மற்றக் கையில் கத்தியுமாக.

பூம்ப்ளிஸ் என்ற சுவிஸ் புறநகரில் எங்கள் குடியிருப்பைப் பராமரிப்பவர் அவர். கீழ்க் கூடத்தில் நாங்கள் வந்த ஊர்களைப் பற்றி ஒரு கண்காட்சி. முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் உக்ரைன் பெண்மணி, தன் ஊரான டோனெட்ஸ் ஆற்றங்கரையைப் பற்றி நீளமாக ஒரு அட்டைத் தட்டி செய்து கொண்டுவந்திருந்தார். அதில் முதலில் குதிரையேறித் திரிந்த சிதியர், சர்மாத்தியர். ஈரானிய மொழிகள் பேசிய சனங்கள். அந்த ஆற்றின் பெயர்கூட அவர்களின் பேச்சிலிருந்து வந்தது என்கிறார்கள். பிறகு வேறு வேறு ஆட்கள், எல்லைக் காவல்கள், கடைசியில் நிலக்கரி.

கண்காட்சிக்குப் பொறுப்பான ஓய்வுபெற்ற ஆசிரியை நல்ல மனுசிதான். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்: சுரங்கத்திலிருந்து தொடங்கினால் போதும், அதற்கு முன் அங்கே வெறும் புல்தானே, சுவரிலும் இடமில்லை, முன்பகுதியை வெட்டிவிடுங்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளில்லாத நிலம் என்று எழுதிவிட்டால் யாரும் வந்து பிடித்துக்கொள்ளலாம். துவக்கோடு வருகிறவனுக்கு முன்னால் வருவது இந்த வசனம்தான். குண்டுக்குத் தப்பி வந்தவரிடம், உன் ஊர் நேற்று முளைத்தது என்று கோப்பி ஊற்றிக் கொடுத்தபடி சொல்வதா? அதற்கு எங்கள் ஆளே கத்தியோடு நிற்பதா? எங்கள் நிலத்தைப் பற்றியும் நாங்கள் கேட்டு வளராத கதையா இது? அண்ணையிடம் அப்படியே கேட்டேன். இங்கே அரசியல் கதைக்க வேண்டாம் என்று அடக்கினார்.

பெண்மணிக்குத் தமிழ் விளங்காது. கத்தி விளங்கியது. உடைந்த ஜெர்மனில் அண்ணையைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அவருடைய தகப்பன் பண்ணையில் உழவு இயந்திரம் ஓட்டியவராம். வயலின் நடுவே ஒரு மண்மேடு, உள்ளே பழங்காலத்து யாரோ படுத்திருக்கிறார்களாம். நேரே விட்டு உழு என்று மேலிடத்தார் எத்தனையோ தரம் ஏசியும், தகப்பன் ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றி வளைத்துத்தான் உழுதாராம்.

“புல்லுக்காகவா என் அப்பா வளைந்து போனார்?” என்று கேட்டார்.

 அண்ணை கத்தியை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். கூடத்து வாசலுக்குப் போய், சலவையறை ஒழுங்குவிதிகள் மாட்டியிருந்த பெரிய கண்ணாடிச் சட்டத்தை, இத்தனை வருடமாக ஒருவரையும் தொடவிடாத அந்தச் சட்டத்தைக் கழற்றி நிலத்தில் சாய்த்து வைத்துவிட்டு, வெறுமையான சுவரை அளக்கத் தொடங்கினார்.