பரிசல் திரும்பும் வரை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வயிற்றுப் பேத்தி ஒரு சிமெண்டுத் திட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்னய ஏத்துற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். விடுமுறைக்குக் கோவையிலிருந்து வேன் பிடித்துக் குடும்பத்தோடு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தோம். அங்கே சிமெண்டில் கட்டின குளம் ஒன்று. அதில் குழந்தைகளுக்கான படகு. ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டுமாம். அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

"அம்மா, அஞ்சு முடிஞ்சிருச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. பெரியவங்க சொன்னா நம்புவாங்க" என்றாள் மகள், என் காதோரம்.

"நாலுன்னா நாலுதான் அம்மணி. நான் சொல்ல மாட்டேன்."

வாசலில் நின்ற பெண் பாவம், "போர்டுலயே போட்டிருக்குங்களே, நான் என்னங்க பண்றது?" என்றாள். நானும் அந்தப் போர்டைப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவள் நான். படித்து முடிப்பதற்குள் படகு இரண்டு சுற்றுப் போய் வந்துவிட்டது.

பக்கத்தில் மிதவைச் சட்டைகளை ஈரத்தோடு மாட்டி வைத்திருந்தார்கள். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அந்தக் குளம் மறந்துபோயிற்று. நனைந்த தோலின் வாடை வந்தது. மாரப்பனின் பரிசல் வாடை.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம், பவானி ஆற்றுக்கு இக்கரையில். மாமன் ஊர் அக்கரையில். தூரத்துப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் மாட்டு வண்டியில் அரை நாள் ஆகும். ஆகவே மாமன் ஊர் நோம்பிக்கு, மூன்று நாள் திருவிழாவுக்கு, பரிசலில்தான் போவது. எங்களுக்கு அதுதான் சுற்றுலா. அப்பா மட்டும் மாடு கன்றுகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார்.

பரிசல்காரர் மாரப்பன் யாரிடமும் வயது கேட்கமாட்டார். கேட்டாலும் என் அம்மா என்ன சொல்லியிருப்பாள்? செவலை மாடு இரண்டாம் கன்று போட்ட வருஷம் பிறந்தவள் என்பாள். எனக்குத் தெரிந்த பிறந்தநாளும் அதுதான். மாரப்பன் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். பரிசல் தோல் போர்த்திய வட்டமான கூடை. நடு ஆற்றில் ஒரு பிள்ளை எழுந்துவிட்டால் எல்லோருக்கும் ஆபத்து. ஆகவே கரையில் ஒரு தட்டைப் பாறையைக் காட்டுவார்.

"இதுல உக்கோரு அம்மணி. நான் ஒரு நடை அக்கரைக்குப் போயிட்டு வாரேன். எந்திரிச்சீன்னா ஊட்டுக்கு."

முதல் வருஷம் ஒரு மீன் துள்ளியது. எங்கே என்று பார்க்க எழுந்தேன். அவ்வளவுதான், நடு ஆற்றிலிருந்து துடுப்பைத் தூக்கிக் காட்டிவிட்டார். வழியனுப்ப வந்திருந்த அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். அக்கா மூன்று நாள் கழித்துக் கை நிறையக் கண்ணாடி வளையலும் வாய் நிறைய ராட்டினக் கதையுமாக வந்தாள். நான்கு நாள் அவளோடு நான் பேசவில்லை.

அந்த வருஷம் முழுக்கக் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து பழகினேன். இப்போது என் முழங்கால் இருக்கிற இருப்பில் உட்கார்ந்தால் எழுவதுதான் பெரும்பாடு. அன்றைக்கு எழாமல் இருப்பது பாடாக இருந்தது.

"ஏனுங்க, உங்க புள்ளயப் பாருங்க, அடகாக்குற கோழியாட்டம் உக்கோந்திருக்கறத" என்று அம்மா அப்பாவிடம் சிரிப்பாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறு வருஷம் மாரப்பன் அக்கரைக்குப் போனவர் அங்கே யாரோடோ வெற்றிலை போட்டுக்கொண்டு பேச உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. எறும்பு ஏறியது. அப்புறம் எனக்கு ஒன்றுக்கு முட்டியது. இதை இவ்வளவு காலம் கட்டினவரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். எழுந்தால் போச்சு. நான் எழவில்லை. பாறைதான் நனைந்தது.

பரிசல் கரை தட்டியது. பாவாடையைப் பார்த்துவிட்டு அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் மாரப்பன் குனிந்து, இரண்டு கையாலும் ஆற்றுத் தண்ணீரை அள்ளி என் மேலும் பாறை மேலும் ஊற்றினார்.

"கல்லு என்ன சூடு சுடுதுங்க! புள்ள எப்பிடித்தான் உக்கோந்திருந்துதோ" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஏறு அம்மணி" என்றார்.

அந்த நோம்பியில் ராட்டினம் சுற்றினேன், வளையல் போட்டேன். அதெல்லாம் மங்கிவிட்டது. "ஏறு அம்மணி" மட்டும் காதில் இருக்கிறது.

நான் உட்கார்ந்து ஏறினவள். என் பேத்தியை என் பொய்யில் ஏற்ற எனக்கு மனசில்லை. அந்த வாசல் பெண் மேலும் குறையில்லை. நாளெல்லாம் ஆயிரம் பிள்ளைகள் வருகிற இடத்தில் ஒவ்வொன்றையும் உட்காரவைத்துப் பார்க்க அவளால் ஆகுமா?

குழந்தை உட்கார்ந்தே இருந்தாள். ஐஸ்கிரீமுக்கும் எழவில்லை. படகில் போய் வந்த அவள் அண்ணன், "என்னடி, பசை போட்டு ஒட்டிட்டாங்களா?" என்று கேட்டதற்கும் எழவில்லை. படகுகளைக் கட்டிப் பூட்டிய பிறகு, நான் மகளிடம் சொல்லிவிட்டேன்: "ரெண்டு மாசம் கழிச்சு அஞ்சு முடியற அன்னிக்கே இவளக் கூட்டிட்டு வாரேன். நீங்க வராட்டிப் போங்க, நாங்க பஸ்ஸுல வந்துக்குவோம்."

பவானியில் எங்கள் துறைக்கு நேராகவே இப்போது பாலம் வந்துவிட்டது. மாமன் ஊருக்கு ஸ்கூட்டரில் இரண்டு நிமிஷம். பாறை இருந்த இடத்தில் பாலத்தின் கால் நிற்கிறது.

பேத்தியும் கடைசி வரை எழவில்லைதான். நான் உட்கார்ந்திருந்தபோது அக்கரையிலிருந்து ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டு வந்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்த குளத்துக்கு அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.