இடுப்பளவுத் துரவு

தாலுகா அதிகாரி வந்த அன்று எங்கள் மணல்மேட்டில் நைனா இருந்தார், அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், அம்மாவின் தம்பியான மாமன் இருந்தான், ஏழு வயதில் நானும் இருந்தேன். டோல்கேட்டு அத்தை மட்டும் இல்லை. நைனாவின் அக்காவான அவள், "அந்த உப்புக்காட்ல என் தம்பி பொண்டாட்டி ஒரு பிஞ்சு பறிச்சிக் காட்டட்டும், அப்பால வரேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

அத்தையைக் குற்றம் சொல்ல முடியாது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர்ப் பக்கம், உப்பளங்களுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே கிடந்த அந்தப் புறம்போக்கில் அதுவரை எவரும் குடியேறியதில்லை. வியாசர்பாடியில் ஒரே அறையில் இன்னொரு குடும்பத்தோடு புடவைத் திரை கட்டி வாழ்ந்தது போதும் என்று, மூங்கிலையும் ஓலையையும் தலையில் சுமந்துவந்து அங்கே முதல் குடிசையைப் போட்டவர் நைனா. விடியுமுன் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போவார். பொழுது சாயத் திரும்பி வந்து, தம் எண் பொறித்த பித்தளைப் பில்லையைக் கம்பத்து ஆணியில் மாட்டுவார். அது இல்லாதவனைத் துறைமுக வாசலில் உள்ளே விடமாட்டார்கள். குடிசையில் பளபளப்பாக இருந்த ஒரே பொருளும் அதுதான்.

நிலம் இன்னும் எங்களுடையதாகவில்லை. "பங்குனியில வந்து பார்ப்பேன். பயிர் நின்னா உன் பேருக்கு எழுதறேன். நிக்கலைன்னா பக்கத்து உப்பளத்துக்காரர் கேட்கிறார், அவருக்குப் போயிடும்" என்று அதிகாரி சொல்லியிருந்தார். மார்கழியில் தர்பூசணி விதைத்தோம்.

அந்த மணலில் நல்ல தண்ணீர் உண்டு, ஆனால் மேலாகத்தான். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின்மேல் பாலாடை மாதிரி மிதந்து கிடக்கும். இடுப்பளவுப் பள்ளம் பறித்தால் ஊறும். துரவு என்போம். இடுப்புக்குக் கீழே மண்வெட்டி போகக்கூடாது என்பது நைனாவின் கட்டளை. காரணம் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

மாசியில் ஊற்று சுருங்கியது. நைனா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் மாமன் துரவுக்குள் இறங்கினான். மாமனுக்கு உடம்பில் பலம் அதிகம், பொறுமை குறைவு. சற்று நேரத்தில் அவன் தலை மறைந்தது. பிறகு சத்தம் மட்டும் வந்தது.

"யக்கோவ்! ஓடியா! தண்ணி பொங்கிகினு வருது! மாமா இம்மா நாளா சும்மா மேலாக்க சொரண்டிகினு கீறாரு!"

அம்மா எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமன் ஆசையாகக் கையைக் குவித்தான். அம்மா பட்டென்று தட்டிவிட்டாள். அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது: புதுத் தண்ணீரை முதலில் மண்ணுக்குத்தான் கொடுக்கவேண்டும்; பயிர் குடித்து முடிக்கும்வரை மனிதர் நாக்கில் ஒரு சொட்டுப் படக்கூடாது. கற்பூரம் கொளுத்தினோம். மஞ்சள் தெளித்தோம். பிறகு நால்வரும் குடம் குடமாக ஓடினோம். கீழ்ப்பாத்தி முழுவதும் வயிறு முட்டக் குடித்தது. மீந்த தண்ணீரில் அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

முதல் வாய் வைத்த அக்கா முகத்தைச் சுளித்தாள். "இன்னாம்மா, வெல்லம்னு உப்பக் கொட்டிட்டியா?"

நைனா அப்போதுதான் வந்து பில்லையை மாட்டிக்கொண்டிருந்தார். கை ஆணியிலேயே நின்றது. "எவ்ளோ ஆழம்டா போன?"

"என் தலைக்கு மேல, மாமா."

"கடலுக்கே குழா போட்டுக் குடுத்துட்டியேடா, கஸ்மாலம்!"

மறுநாள் காலையில் கீழ்ப்பாத்தியின் இலைகள் ஓரம் கருகி, தீயில் வாட்டியவை போலச் சுருண்டிருந்தன. நைனா வேலைக்குப் போகவில்லை. ஆழத் தோண்டியதை மாமனையே தூர்க்கச் செய்தார். மணல்மேட்டின் சரிவில் இடுப்பளவுத் துரவுகளை வரிசையாகப் பறித்தார். ஒன்றில் சில குடம் மொண்டால் அதை ஓயவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் வேரிலிருந்த உப்பைக் கீழே இறக்க முடியும். கீழ்ப்பாத்தி செத்துவிட்டது. மேட்டுப்பாத்தியை மட்டுமாவது காப்பாற்ற, நைனா அன்றிலிருந்து நாள் முழுவதும் குடமும் தோளுமாக எங்களோடேயே இருந்தார்.

அளத்துக் கணக்கப்பிள்ளை குடையோடு அந்த வழியே போகும்போதெல்லாம் நிற்பார். "இன்னாம்மா, உப்பு நல்லா விளைஞ்சிக்கீதா? வாரி எடுக்க ஆளு அனுப்பட்டா?"

"அனுப்பு சாமி" என்பாள் அம்மா, குடத்தை இறக்காமலே. "வர்றப்போ கத்தி எடுத்துகினு வரச் சொல்லு. பழம் அறுக்கணும்ல?"

எனக்கு அந்த நாட்கள் திருவிழாவாக இருந்தன. நைனாவைப் பகல் வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் நான் பார்த்ததே கிடையாது. ஆணி காலியாக இருப்பதைப் பார்த்து, "பில்லை எங்க நைனா?" என்று ஒருநாள் கேட்டேன். "மேஸ்திரி கைல பத்திரமா கீது, நீ சொம்ப எடு" என்றார். தர்பூசணி வளர்ப்பவர்களுக்குத் துறைமுகத்தில் விடுமுறை உண்டு போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் அதிகாரி வந்தார், கூடவே கணக்கப்பிள்ளையும் வந்தார். கருகிக் கிடந்த கீழ்ப்பாத்தியைத்தான் கணக்கப்பிள்ளை முதலில் காட்டினார். "பாருங்க ஐயா, இதுவா வெள்ளாமை? எங்க அளத்தோட சேத்துட்டா சர்க்காருக்கும் லாபம்."

நைனா மேட்டுக்கு ஏறி, கொடியை விலக்கி, அம்மாவால் தனியே தூக்க முடியாத ஒரு பழத்தை அணைத்துக்கொண்டு வந்தார். மாமன் அரிவாளை நீட்டினான். பழம் படீரென்று வெடித்துப் பிளந்தது. அந்த வெள்ளை மணலில் அப்படியொரு சிவப்பை அதற்குமுன் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

அதிகாரி ஒரு கீற்றைக் கடித்தார். விதையைத் துப்பினார். இன்னொரு கீற்றுக்குக் கை நீட்டினார். சட்டையில் சாறு வழிந்தது. "உப்பு மண்ணுன்னு சொன்னீரே?" என்றார். கணக்கப்பிள்ளை குடையை விரித்துக்கொண்டார்.

"உனுக்கும் ஒண்ணு கீது சாமி, எடுத்துகினு போ" என்று அம்மா ஒரு முழுப் பழத்தை அவர் கையில் ஏற்றிவிட்டாள். குடையா பழமா என்று தடுமாறி, கடைசியில் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வெயிலில் நடந்துபோனதை மாமன் பல வருஷம் நடித்துக் காட்டினான்.

அடுத்த வாரமே அத்தை வந்தாள். பாதிப் பழத்தைத் தனியாகத் தின்றுவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், என் தம்பி கை வெச்சா வெளங்கும்னு" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். வழக்கத்தையும் அவள் மாற்றிவிட்டாள்: "இனிமே மொதல்ல நம்ம வாயி, அப்பால பூமாதேவி." இப்போது அந்த மேட்டில் ஒரு தெருவே இருக்கிறது, எந்த வீட்டுத் துரவும் இடுப்பைத் தாண்டியதில்லை.

பட்டா வந்தபோது எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நிலத்துக்காகச் சர்க்காருக்குக் கட்டிய தொகை ஏழு ரூபாய் எட்டணா என்று உரக்கப் படித்தேன். நைனா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "ஏழர ரூவா! அவ்ளோதான்! ஏழர ரூவால ஒரு ஊரு!" என்று குதித்தார். அம்மா மட்டும் ஒரு கணம் கம்பத்து ஆணியைப் பார்த்தாள். அதில் அப்போது அரிவாள் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் எனக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்திருக்கிறது. விடியற்காலையில் வாசலில் மூட்டைக்காரர்கள் பில்லையைக் காட்டி உள்ளே போவதைப் பார்க்கிறேன். நாலு நாள் சேர்ந்தாற்போல் வராதவன் வீட்டுக்கே ஆள் அனுப்பி மேஸ்திரி அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார். அதன்பின் அவன் உள்ளே வரமுடியாது. எங்கள் மண்ணின் விலையை இப்போது நான் சரியாகச் சொல்வேன்: ஏழு ரூபாய் எட்டணா, அதோடு ஒரு பித்தளைப் பில்லை.